முகம் காட்ட வேண்டாத இடம்

ஷூ கம்பெனியில் எங்களைப் போன்ற ஜாப் ஒர்க் யூனிட்காரர்களை எல்லாம் ஒரு நாள் கூப்பிட்டு, மாடியில் ஏசி அறையில் உட்கார வைத்தார்கள். சுவரில் வெளிச்சம் பாய்ச்சி ஒவ்வொரு பக்கமாகக் காட்டினார்கள். எல்லாம் இங்கிலீஷ். பக்கத்தில் இருந்தவர்கள் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். நானும் எடுத்தேன். எதைப் படம் எடுக்கிறேன் என்று தெரியாமல்தான் எடுத்தேன். ஒரு பக்கம் வந்தபோது மற்றவர்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் நானும் சிரித்துவிட்டேன்.

மேனேஜர் நடுநடுவே தமிழில் சொன்னதை வைத்து விஷயம் விளங்கியது. வெளிநாட்டில் ஷூ வாங்குகிறவர்கள் இனிமேல் ஒவ்வொரு தோல் கட்டுக்கும் கணக்குக் கேட்கிறார்கள். எந்தத் தோல், யார் வெட்டியது, யார் ஓரம் சீவியது, யார் தைத்தது. கட்டின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அதன் மேல் போனைக் காட்டினால் அத்தனையும் தெரிய வேண்டும். அதற்கான சாஃப்ட்வேரை ஒவ்வொரு யூனிட்டும் தானே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். அடுத்த சீசனுக்குள் ஆடிட் செய்ய ஆள் வரும். அப்போது அது இல்லாதவர்களுக்குக் கட்டு வராது. யாருக்காவது சந்தேகம் உண்டா என்று கேட்டார்கள். எனக்கு எல்லாமே சந்தேகம்தான். தலையை ஆட்டிவிட்டு இறங்கி வந்தேன்.

எங்கள் யூனிட் ஆம்பூருக்கும் மாதனூருக்கும் நடுவில், ஹைவேயை விட்டு உள்ளே இறங்கும் மண் ரோட்டில் ஒரு ஷெட். ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிறோம். அதை இங்கே அப்பர் என்போம். கம்பெனி தோலை வெட்டிக் கட்டாக அனுப்பும். நாங்கள் ஓரம் சீவி, சொல்யூஷன் என்ற பசையைத் தடவி, மடித்துத் தைத்துத் திருப்பி அனுப்புவோம். அடிப்பாகம் போட்டு ஷூவாக்குவது கம்பெனி. எங்களிடம் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் பெண்கள். பக்கத்து ஊர்களிலிருந்து நடந்து வருகிறவர்கள். கம்பெனி பஸ்ஸில் ஏறினால் விடியுமுன் போய் இருட்டிய பிறகு வர வேண்டும். கைக்குழந்தைக்காரிகளுக்கும் படுத்த படுக்கையாக மாமியார் இருப்பவர்களுக்கும் அது முடியாது. அப்படிப்பட்டவர்களுக்கு இந்த ஷெட் ஒன்றுதான் வழி. கட்டு வராமல் போனால் இது நின்றுவிடும். எனக்கும் வேறு தொழில் தெரியாது.

நான் ஐந்தாவது வரை படித்தவன். தமிழ் நன்றாக வாசிப்பேன். பேப்பரில் தலைப்பிலிருந்து விளம்பரம் வரை ஒன்றையும் விடமாட்டேன். இங்கிலீஷில் பெரிய எழுத்துகள் தெரியும். எண்கள் தெரியும். அதற்கு மேல் தெரியாது. இது என் யூனிட்டில் யாருக்கும் தெரியாது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கம்பெனித் தாள் எதையாவது யாராவது நீட்டினால், கண்ணாடி மறந்துவிட்டேன், நீயே பார் என்று சொல்லிவிடுவேன்.

எங்கள் சூப்பர்வைசரும் பெண்தான், பிளஸ் டூ முடித்தவர். என்னைவிட வயதில் கொஞ்சம் சின்னவர். என்னை அண்ணா என்று கூப்பிடுவார். அவருக்கு ஒரு பழக்கம். கம்பெனியிலிருந்து எந்தத் தாள் வந்தாலும் சத்தமாக வாசிப்பார். வாசித்துவிட்டு, அதையே தமிழிலும் ஒரு முறை தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். சத்தமாகப் படித்தால்தான் மனதில் நிற்கிறது என்பார். இப்படி ஒரு பழக்கம் உள்ளவர் வந்து வாய்த்தது என் அதிர்ஷ்டம் என்று எண்ணிக்கொள்வேன்.

சாஃப்ட்வேருக்காக முதலில் வேலூருக்குத்தான் போனேன். இன்னொரு யூனிட்டுக்குச் செய்து கொடுத்த கடை என்று கேள்விப்பட்டிருந்தேன். கண்ணாடிக் கதவு, உள்ளே குளிர். கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பெண் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, நம் தேவை என்ன என்று நிரப்பச் சொல்லி நான்கைந்து பக்கத் தாள் ஒன்றை நீட்டினார். பேனாவும் கொடுத்தார். கொஞ்ச நேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சட்டைப் பையைத் தடவி, கண்ணாடியை மறந்துவிட்டு வந்துவிட்டேன், நாளைக்கு வருகிறேன் என்று எழுந்தேன். அவர் நல்ல பெண்தான். "நான் படிக்கிறேன் சார், நீங்க சொல்லுங்க" என்றார். அந்த அன்புக்குத்தான் எனக்கு வியர்த்துவிட்டது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, சீக்கிரம் போக வேண்டும் என்று எதையோ உளறிவிட்டு வெளியே வந்தேன். படி இறங்கிய பிறகுதான் தெரிந்தது, அவருடைய பேனா என் கையில் இருந்தது. திரும்பப் போய்க் கொடுக்கத் தைரியம் வரவில்லை.

ஆம்பூரில் லைனிங் தோல் கடை வைத்திருக்கும் பாய் என் பழைய நண்பர். என்னை தோஸ்த் என்று கூப்பிடுவார். வேலூர் போன கதையில் பாதியை மட்டும் அவரிடம் சொன்னேன், கடைக்காரர்கள் சரிப்பட்டு வரவில்லை என்று. அவர் தன் சொந்தக்காரர் ஒருவருடைய கடைக்கு இணையத்திலேயே ஆள் பிடித்து வேலை முடித்ததைச் சொன்னார்.

"கடைக்காரன் மூஞ்சிய நீ ஏன் பாக்கணும் தோஸ்த்? தனியா வேல செய்யறவன் உலகம் பூரா இருக்கான். போன்லயே புடிச்சிடலாம்."

"முன்ன பின்ன தெரியாதவன நம்பி எப்டி பாய் குடுக்கறது?"

"சம்பந்தமா பண்ணப் போற? காச நடுவுல அந்த சைட்டுக்காரன் புடிச்சி வெச்சிப்பான். வேல முடிஞ்சி நீ சரின்னாதான் அவனுக்குப் போவும். பேஜாரே கிடையாது."

மூஞ்சியை ஏன் பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னது என் மனதில் ஒட்டிக்கொண்டது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் நானும் சூப்பர்வைசரும் சீவும் மேஜையைத் துடைத்துவிட்டு அவருடைய போனை வைத்துக்கொண்டு பார்த்தோம். தளங்கள் நிறைய இருந்தன. சுற்றிச் சுற்றிப் பார்த்ததில் எல்லாம் இரண்டு வகைக்குள் அடங்கியது.

ஒரு வகையில் நம் வேலையை எழுதிப் போட்டால் போதும். உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் ஆட்கள் விலை சொல்லிக்கொண்டு வருவார்கள். அவரவர் முன்பு செய்த வேலை, வாங்கிய நட்சத்திரம், முன்பு வேலை கொடுத்தவர்கள் எழுதியது எல்லாம் இருக்கும். பார்த்து நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். பேச்சு முழுவதும் எழுத்தில்தான். இன்னொரு வகையில் தளத்துக்காரர்களே ஆட்களைச் சோதித்துப் பொறுக்கி வைத்திருப்பார்கள். முதலில் அவர்களுடைய ஆள் ஒருவர் நம்மோடு வீடியோவில் பேசி, என்ன வேண்டும் என்று கேட்டு, நமக்குப் பொருந்துகிற ஒருவரைத் தருவார். விலை ஜாஸ்தி. அந்த ஆள் பாதியில் போய்விட்டால் வேறு ஆள் கொடுப்பது அவர்கள் பொறுப்பு. பின்னால் பழுது வந்தாலும் கேட்க ஒரு இடம் இருக்கும்.

தோல் வாங்குவதிலும் இந்த இரண்டு வழி உண்டு. தரம் பிரித்து அடுக்கியதை விலை கூடக் கொடுத்து வாங்கலாம். பிரிக்காததை மொத்தமாக வாங்கி நாமே பிரித்துக்கொள்ளலாம். பிரிக்காததை வாங்குவதற்குக் கண் வேண்டும். தோலில் எனக்கு அந்தக் கண் உண்டு. சாஃப்ட்வேரில் எனக்கு என்ன கண்?

சூப்பர்வைசர் இரண்டாவதுதான் நல்லது என்றார். "நமக்கு இதுல ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சவங்க பாத்துக் குடுத்தா நல்லதுதானேண்ணா. பேசறதுக்கும் ஆள் இருக்கும்."

"வெல ஜாஸ்திமா," என்றேன். "மொத சைட்டுலயே பாத்துக்கலாம்."

விலை காரணமே இல்லை. வீடியோவில் ஒருவர் வந்து என் முகத்தைப் பார்த்து இங்கிலீஷில் ஏதாவது கேட்டுவிடுவார் என்பதுதான் காரணம். என் யூனிட்டின் தலையெழுத்தை முடிவு செய்கிற காரியத்தில், எந்தத் தளம் நல்லது என்று நான் பார்க்கவில்லை. எது என்னைப் பார்க்காதோ அதைத் தேர்ந்தெடுத்தேன். சூப்பர்வைசர் அந்தத் தளத்திலேயே கணக்குத் தொடங்கிக் கொடுத்தார். நீளமாக ஒரு விதிமுறை வந்தது. அவர் வழக்கம்போலச் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார். அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று போனை வாங்கி, சம்மதம் என்ற இடத்தில் அழுத்திவிட்டேன்.

போனில் தமிழில் பேசினால் இங்கிலீஷாக மாற்றித் தரும் வசதி உண்டு. அங்கிருந்து வருவதைத் தமிழாகவும் மாற்றிக்கொள்ளலாம். அதை வைத்து நானே ஷெட்டின் மூலையில் உள்ள என் தடுப்பறைக்குள் உட்கார்ந்து வேலையை எழுதிப் போட்டேன். திரை தமிழில் இருக்க வேண்டும் என்று கேட்க ஆசை. ஆனால் தமிழில் கேட்டால் இந்த ஆளுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று தெரிந்துபோகும். அதனால் கேட்கவில்லை. நான் வாசிக்க முடியாத ஒரு சாஃப்ட்வேரை நானே காசு கொடுத்துச் செய்யச் சொன்னேன்.

டீ குடித்து வருவதற்குள் ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். எல்லோரும் என்னை சார் என்று எழுதினார்கள். மதிப்புக்குரிய ஐயா என்றும் எழுதினார்கள். நான் பதில் எழுதியதும், அது அழகான இங்கிலீஷாகப் போய் உட்கார்ந்தது. அந்தத் தடுப்பறைக்குள் நான் இங்கிலீஷ் எழுதுகிறவன். கம்பெனி மாடியில் ஏசி அறையில் உட்காருகிறவர்கள் மாதிரி ஒருவன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த நாட்களில் நான் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன்.

எங்கள் தொழிலில் ஆர்டருக்கு முன் சாம்பிள் கொடுப்பது வழக்கம். புது மாடல் வந்தால் கம்பெனி மூன்று நான்கு யூனிட்டைக் கூப்பிட்டு ஒற்றைக் காலுக்குத் தைத்துக் காட்டச் சொல்லும். அதற்குக் கூலி கிடையாது. தைத்துக் கொடுத்தால் இங்கே தையல் இறுக்கம், அங்கே மடிப்பு தடிமன் என்று திருத்தச் சொல்வார்கள். அதற்கும் கூலி கிடையாது. கடைசியில் ஒருவருக்கு ஆர்டர் போகும். மற்றவர்களிடம் இல்லை என்று யாரும் சொல்வதில்லை. போனை எடுக்க மாட்டார்கள். நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும். என் ஷெட்டில் ஒரு பலகை நிறைய ஜோடி இல்லாத ஒற்றைக் கால் அப்பர்கள் இருக்கின்றன. எல்லாம் பதில் வராதவை. தொழில் என்றால் அப்படித்தான் என்று நினைத்தே வளர்ந்தவன் நான்.

அதனால் வந்தவர்களிடம் எல்லாம் சாம்பிள் கேட்டேன். முழுதாக வேண்டாம், ஒரு திரை மட்டும் செய்து காட்டுங்கள், நன்றாக இருந்தால் ஆர்டர் என்று எழுதினேன். எழுதும் முன் சூப்பர்வைசரிடம், ஒற்றைக் காலுக்குச் செய்து காட்டச் சொல்லப் போகிறேன் என்று பெருமையாகச் சொன்னேன்.

"கம்ப்யூட்டருக்கு ஏதுண்ணா காலு?" என்று சிரித்தார். பிறகு கொஞ்சம் யோசித்து, "அவங்க அப்டி குடுப்பாங்களா?" என்றார்.

"தொழில்னா குடுத்துதான் ஆவணும்," என்றேன்.

பாதிப் பேர் அதோடு போய்விட்டார்கள். மீதிப் பேர் செய்தார்கள். ஒவ்வொன்றாக வந்தது. நான் அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தேன். எழுத்து புரியாது. நிறத்தைப் பார்த்தேன், பட்டனின் அளவைப் பார்த்தேன், அழுத்தினால் எவ்வளவு வேகமாகத் திறக்கிறது என்று பார்த்தேன். ஒருவர் செய்தது தனியாகத் தெரிந்தது. அவர் எந்த ஊர் என்று பெயரை வைத்துச் சொல்ல முடியவில்லை. படத்தில் ஒல்லியான முகம், பின்னால் பச்சைச் சாயம் உரிந்த சுவர். கட்டின் ஸ்டிக்கரைக் காட்டினால் அப்பரின் படமே திரையில் வருகிற மாதிரி செய்திருந்தார். எந்தப் பாகத்தை யார் தைத்தது என்று படத்தின் மேலேயே வந்தது. எழுத்துத் தெரியாத எனக்கே விளங்கியது. அவரிடம் நிறத்தை மாற்றச் சொன்னேன். மாற்றினார். பட்டனைப் பெரிதாக்கச் சொன்னேன். செய்தார். திரும்பவும் பழைய நிறத்துக்கே கொண்டுவரச் சொன்னேன். அதையும் செய்தார். கம்பெனியில் என்னிடம் எப்படிக் கேட்பார்களோ அப்படியே நான் கேட்டேன். கேட்பது சுகமாக இருந்தது.

பிறகு யாருக்கும் பதில் எழுதாமல் இருந்தேன். அவருக்கே கொடுக்கலாம் என்றுதான் எண்ணம். ஆனால் உடனே சொல்லிவிட்டால் விலை இறங்க மாட்டார் என்று நினைத்தேன். கம்பெனிக்காரர்களும் சாம்பிள் பிடித்துப்போனால் கொஞ்ச நாள் பேசாமல்தான் இருப்பார்கள். அந்த வித்தையை அவர்களிடமிருந்துதான் கற்றேன்.

ஒரு நாள் அவரிடமிருந்து செய்தி வந்தது. தமிழாக மாற்றிப் பார்த்தேன். "ஐயா, என் வேலை பிடிக்கவில்லை என்றால் தயவுசெய்து சொல்லுங்கள். உங்கள் பதில் வரும் என்று வேறு வேலை எடுக்காமல் இருக்கிறேன்" என்று இருந்தது.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். எதிரே பலகையில் ஒற்றைக் கால்கள் இருந்தன. அவற்றில் சிலவற்றுக்காக நானும் இப்படி மெஷினை நிறுத்தி வைத்துக் காத்திருக்கிறேன். இதே வார்த்தைகளைக் கம்பெனி கேட்டில் நின்று, செக்யூரிட்டியிடம் சொல்லி, உள்ளே சொல்லச் சொல்லியிருக்கிறேன். அவர்களைத் திட்டியிருக்கிறேன். நாற்காலி கிடைத்ததும் நான் அவர்களாகவே ஆகிவிட்டேன். அதற்கு எனக்கு ஒரு வாரம்கூடத் தேவைப்படவில்லை.

உடனே பதில் போட்டிருக்கலாம். என்ன வார்த்தையில் எழுதுவது என்று வெட்கப்பட்டுக்கொண்டே, நாளைக்கு எழுதலாம் என்று விட்டேன். மறுநாள் தளம் திறக்கவில்லை. சிவப்பில் ஏதோ எழுதியிருந்தது. போனில் மாற்றிப் பார்க்கும் நிதானம்கூட எனக்கு இல்லை. சூப்பர்வைசரிடம் நீட்டினேன். கண்ணாடி மறந்துவிட்டேன் என்று சொன்னேன்.

அவர் சத்தமாக வாசித்தார். பிறகு தமிழில், மெதுவாக, தனக்குச் சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னார். இலவசமாக வேலை வாங்குவது இந்தத் தளத்தில் குற்றம். பலர் புகார் கொடுத்திருக்கிறார்கள். கணக்கு மூடப்படுகிறது. இது விதிமுறையிலேயே இருக்கிறது, நீங்கள் சம்மதம் கொடுத்திருக்கிறீர்கள்.

அந்த விதிமுறையை அவர் வாசிக்க ஆரம்பித்தபோது போனைப் பிடுங்கியவன் நான். அவர் அதைச் சொல்லிக்காட்டவில்லை. கணக்கு மூடியபிறகு பழைய செய்திகளும் போய்விட்டன. பச்சைச் சுவர்க்காரருக்கு இல்லை என்றோ உண்டு என்றோ சொல்ல எனக்கு இனி வழி கிடையாது. தளத்துக்கு மன்னிப்புக் கேட்டு எழுதி, அவரிடமாவது நடந்ததைச் சொல்லிவிடும்படி சூப்பர்வைசரை விட்டுக் கேட்டேன். அதற்கு இன்றுவரை பதில் இல்லை. பதில் வராமல் இருப்பது எனக்குச் சரியான தண்டனைதான். ஆனால் அவரும் இன்னும் பதில் வரவில்லை என்றே நினைத்துக்கொண்டிருப்பார்.

பாயிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "சாம்பிள்னு கேட்டியா? அந்த ஊரு மார்க்கெட் வேற தோஸ்த்," என்றார். ஒரு தோலைச் சுருட்டிக்கொண்டே, "நம்ம ஊரு மார்க்கெட்டும் அப்டி இருந்தா நல்லாத்தான் இருக்கும்," என்றார்.

சீசன் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆடிட்டுக்கு வரும் தேதியைக் கம்பெனி சொல்லிவிட்டது. மிச்சம் இருந்தது வீடியோவில் பேசுகிற அந்த இரண்டாவது தளம்தான். சூப்பர்வைசர் பேச நேரம் குறித்துவிட்டார். நீயே பேசிவிடு, எனக்கு அன்றைக்கு ஒடுகத்தூரில் ஒரு கல்யாணம் என்றேன். அவர் சரி என்றார். கல்யாணம் எதுவும் கிடையாது. ஆனால் போகவும் மனது வரவில்லை. பேசும் நேரத்துக்கு ஷெட்டிலேயே, போனில் என் முகம் விழாத பக்கமாக, ஒரு கட்டைப் பிரித்து எண்ணுகிறவன்போல நின்றுகொண்டேன்.

தளத்திலிருந்து பேசியவர் ஒரு பெண். தமிழ்நாட்டுக்காரர்தான். இங்கிலீஷில் ஆரம்பித்து, சூப்பர்வைசர் பேசும் விதம் பார்த்துத் தமிழுக்கு வந்துவிட்டார். எத்தனை கட்டு வரும், நெட் எப்போதும் இருக்குமா, கம்பெனிக்கு எந்த வடிவத்தில் போக வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் தளங்களை ஒப்பிட்டபோது கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் எல்லாம் அவர் வாயிலிருந்து வந்தன. கடைசியில், இதை யார் பயன்படுத்தப் போகிறார்கள், திரை எந்த மொழியில் வேண்டும் என்று கேட்டார்.

சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். இங்கிலீஷ் என்று நான் வாயை மட்டும் அசைத்தேன்.

அவர் திரும்பிக்கொண்டார். "தமிழ்ல வேணும்ங்க. எங்க ஓனருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. இங்க தைக்கறவங்களுக்கும் வராது. எனக்கே அரைகொறைதான். கம்பெனிக்காரங்க பாக்கறதுக்கு ஒரு பட்டன் வெச்சி இங்கிலீஷ்ல மாத்திக்கற மாதிரி இருந்தா போதும்."

அந்த நேரம் மெஷின்கள் ஓடவில்லை. வீடியோ பேச வேண்டும் என்று நிறுத்தியிருந்தோம். ஷெட்டில் இருந்த அத்தனை பேர் காதிலும் அது விழுந்தது. எனக்கு முகம் எரிந்தது. தலையைத் தூக்கி அவர்களைப் பார்த்தேன். யாராவது திரும்பி என்னைப் பார்ப்பார்கள், ஒருத்தியாவது இன்னொருத்தியை இடிப்பாள் என்று பார்த்தேன். யாரும் நிமிரவில்லை. ஒரு பெண் ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தாள். கோத்து முடித்தாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. புதிய செய்தியாக இருந்தால் நிமிர்ந்திருப்பார்கள்.

எல்லோரும் போன பிறகு, கதவைப் பூட்டும்போது கேட்டேன். "எப்பலர்ந்து தெரியும்?"

"நான் வேலைக்கு வந்த மொத வாரமே."

"எப்டி?"

"கண்ணாடி மறந்துட்டேன்னு சொல்லுவீங்க. கண்ணாடி பாக்கெட்லயே இருக்கும்." சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பேப்பர் படிக்கறப்ப மட்டும் அத எடுத்துப் போட்டுப்பீங்க," என்றார்.

பூட்டைத் திருகிக்கொண்டே இருந்தேன். அது எப்போதோ பூட்டியாகிவிட்டது. "சத்தமா படிச்சாதான் மனசுல நிக்குதுன்னு சொல்லுவியே..."

"எனக்கு மனசுக்குள்ள படிச்சாலே நிக்கும்ணா," என்று சொல்லிவிட்டு அவர் பையை மாட்டிக்கொண்டு நடந்தார்.

இத்தனை வருடம் ஒருவர் எனக்காகத் தொண்டை காயச் சத்தமாக வாசித்திருக்கிறார். நான் அதை அவருடைய பழக்கம் என்று எண்ணி, சில நாள் தலைவலி என்று எரிந்தும் விழுந்திருக்கிறேன். இங்கிலீஷ் தெரியாதது பெரிய வெட்கம் இல்லை என்று அன்று தெரிந்தது. அதைவிடப் பெரியது ஒன்று கிடைத்துவிட்டது.

தளம் கொடுத்த ஆள் தென்பக்கத்துக்காரர், அமைதியானவர். வாரத்துக்கு ஒரு முறை வீடியோவில் வருவார். முதலில் நான் ஓரத்தில் நின்றேன். பிறகு உட்கார்ந்தேன். முதல் முறை அவர் செய்து காட்டிய திரையில் அப்பரை மேற்புறப் பகுதி என்றும் சொல்யூஷனைப் பசைக்கரைசல் என்றும் எழுதியிருந்தார். பெண்கள் வாசித்துவிட்டுச் சிரித்தார்கள். "இன்னாண்ணா இது, பள்ளிக்கூடத்துப் புக்கு மாரி இருக்குது" என்றாள் ஒருத்தி. நாங்கள் என்ன சொல்லுவோமோ அதையே எழுதச் சொன்னோம். ஒவ்வொரு வார்த்தையாக நான்தான் சொன்னேன். அவர் தட்டச்சு செய்தார். எழுத்து விஷயத்தில் ஒருவர் என்னைக் கேட்டு எழுதியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அப்பரின் படத்தைத் திரையில் வைக்க முடியுமா என்றும் கேட்டேன். நல்ல யோசனை சார், உங்க யோசனையா என்றார். இல்லை, வேறொருவருடையது என்றேன். யாருடையது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு அந்தப் பெயரை உச்சரிக்கக்கூடத் தெரியாது.

ஆடிட்டுக்கு வந்தவர் வடக்கே எங்கேயோ ஊர்க்காரர். முழுக்கைச் சட்டை, கழுத்தில் அட்டை. வணக்கம் சொன்னார், நல்லா இருக்கு என்று சொன்னார். அவருக்குத் தெரிந்த தமிழ் அதைவிடக் கொஞ்சம்தான் கூட இருக்கும். ஒரு கட்டைக் காட்டச் சொன்னார். ஸ்டிக்கரின் மேல் போனைப் பிடித்தேன். திரை திறந்தது. எழுத்துகள் எனக்குத் தெரிந்த எழுத்துகள். கம்பெனி ஆள் ஒருவர் முன்னால் முதல் முறையாக நான் சத்தமாக வாசித்தேன். எந்த லாட் தோல், யார் வெட்டியது, யார் சீவியது, யார் தைத்தது.

அவர் கையை நீட்டிப் போனை வாங்கினார். திரையைப் பார்த்தார். விரலால் மேலே தள்ளினார், கீழே தள்ளினார். "குட், குட்" என்று தலையை ஆட்டினார். அவருடைய கண் வரியின் மேல் ஓடவில்லை. ஒரே இடத்தில் நின்று, பிறகு இன்னொரு இடத்துக்குத் தாவியது. மறுபடி தலையை ஆட்டினார், கொஞ்சம் வேகமாக. அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியும். கம்பெனி மாடியில் நான் ஆட்டியது அதுதான்.

ஒரு நொடி எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. மறைக்க ஒன்றும் இல்லை, நன்றாகவே இருந்தது. அடுத்த நொடியே அதற்காகக் கூசிப்போனேன். சூப்பர்வைசர் அடுத்த மேஜையருகே நின்றிருந்தார். அவரும் கவனித்துவிட்டார். ஆனால் வரவில்லை. நான் என்ன செய்கிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெளிச்சம் கூசுது பாருங்க சார்," என்று சொல்லிப் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் திரும்புவதுபோலத் திரும்பி, திரையின் மேல் மூலையில் இருந்த, இங்கிலீஷுக்கு மாற்றும் நீலப் பட்டனை அழுத்தி அவர் கையில் கொடுத்தேன்.

அவர் திரையைப் பார்த்தார். ஒரு முறை என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் கட்டின் முடிச்சை அவிழ்ப்பதில் இருந்தேன். அவர் வாசிக்க ஆரம்பித்தார். இப்போது கண் வரிவரியாக ஓடியது. முடித்துவிட்டுத் தன் கையில் இருந்த தாளில் டிக் போட்டார். சீசனுக்குக் கட்டு வரும் என்று அரைகுறைத் தமிழில் சொல்லிக் கை கொடுத்தார்.

பிறகு போனை என் பக்கம் திருப்பி, ஏதோ ஓர் இடத்தை விரலால் தொட்டுக் காட்டி, நன்றாக இருக்கிறது என்று சொன்னார். நான் தலையை ஆட்டினேன். அந்த இடத்தில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது.